பெற்றோர் கணக்கில் உலவும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே ‘செல்போனே கொடுக்காதீர்கள்’ என்பதோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். வீட்டுப்பாடமே செல்போனில் வரும்போது அது நடக்கிற காரியமா? சிக்கல், பெரியவர்களின் போனை அவர்களுடைய கணக்கோடு அப்படியே தூக்கிக் கொடுப்பதில் இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை பார்த்தாலும் அந்தக் கணக்குக்கு வயது முப்பத்தைந்துதான். பரிந்துரைகளும் விளம்பரங்களும் அதற்கேற்றாற்போலத்தான் வரும்.

பிள்ளைக்கென்று தனிக் கருவி இருந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கண்காணிப்புச் செயலி வழியாகப் பெற்றோரே அதற்குக் கணக்கு தொடங்கலாம். பிறந்த ஆண்டை மட்டும் மாற்றிப் போடாதீர்கள். ‘கேம் திறக்கமாட்டேன் என்கிறது’ என்று வயதைக் கூட்டிக் கொடுத்தால், சிறுவர்களுக்காக வைத்திருக்கும் தடுப்புகள் அந்த நொடியே விலகிவிடும்.

வீட்டில் ஒரே போன்தான் என்றால், நீங்கள் திறந்து கொடுத்த செயலியை விட்டுக் குழந்தை வெளியே போகாதபடி செய்யலாம். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் ‘ஆப் பின்னிங்’ என்று தேடுங்கள். வெளியேற ‘பின்’ (கடவு எண்) கேட்கும் வசதியையும் சேர்த்தே இயக்குங்கள். ஐபோனில் இதன் பெயர் ‘கைடட் அக்சஸ்’. அந்தப் ‘பின்’ பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இத்தனையும் வீண்.

சிறுவர்களுக்கான செயலியான யூடியூப் கிட்ஸை இறக்கியதோடு நிம்மதியாகிவிடுகிறவர்களும் உண்டு. அதில் ‘அங்கீகரித்தவை மட்டும்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் தேடும் வசதி நின்றுவிடும். நீங்கள் தேர்ந்த காணொளிகளும் சேனல்களும் மட்டுமே ஓடும். பெற்றோர் பகுதிக்குள் நுழைய அது ஒரு பெருக்கல் கணக்கைக் கேட்கும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பூட்டா! நான்கு இலக்கக் கடவு எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். அறிவிப்புக்கு மட்டுமானால், ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலே போதும். ஆனால் ஆசிரியரின் எண்ணைச் சேமித்திருக்கும் பெற்றோருக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயர் அட்டையும் பள்ளிச் சின்னமும் தெரிகிற படங்களைப் பொதுப் பக்கத்தில் போடுவது, குழந்தையின் பெயரையும் அது பகலில் எங்கே இருக்கும் என்பதையும் ஊருக்கே சொல்வதற்குச் சமம். யூடியூப் இணைப்பை வீட்டுப்பாடமாக அனுப்பும்போது, தானாக அடுத்த காணொளி ஓடுவதை நிறுத்தி வைக்கும்படி ஒரு வரி சேர்த்து எழுதலாமே.

விளையாட்டுச் செயலிகளில் அரட்டையையும் குரல் பேச்சையும் அணைத்து வைப்பது நல்லது. முன்பின் தெரியாதவர்கள் அங்கே ‘விளையாட்டுக்கு இலவச நாணயம் தருகிறேன்’ என்று தொடங்குவார்கள். பிறகு ‘வேறு ஆப்புக்கு வா’ என்பார்கள். அதன் பிறகு ‘அம்மாவிடம் சொல்லாதே’. இந்தக் கடைசி வாக்கியத்தை யார் சொன்னாலும் அன்றே வீட்டில் சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குப் பழக்குங்கள்.

பிள்ளை வந்து சொல்லும்போது போனைப் பிடுங்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாது. போன் போய்விடும் என்ற கணக்கு அதன் மனதில் பதிந்துவிடும். பதற்றத்தில் பலர் முதலில் அந்த நபரைத் தடுத்து, உரையாடலையும் அழித்துவிடுகிறார்கள். புகார் கொடுக்கத் தேவையானதே அங்கேதான் இருக்கிறது. அந்த நபரின் கணக்குப் பெயர், கணக்கின் இணைய முகவரி, செய்தி வந்த நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு தடுக்கலாம். குழந்தையின் அந்தரங்கப் படம் வெளியேறியிருந்தால், ‘ஆதாரம்’ என்று உறவினருக்குக்கூட அனுப்பக் கூடாது. அப்படி அனுப்புவதே பல நாடுகளில் குற்றம். காவல்துறையிடம் நேரில் சென்று அந்தப் போனைக் காட்டுவதுதான் சரி.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியர்