சப்வூஃபரும் கீழ்வீட்டுக்காரரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் எல்லிஸ் நகர், கே.கே. நகர் பக்கமெல்லாம் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன, கூடவே ஹோம் தியேட்டரும். சப்வூஃபர் (பேஸ் என்கிற கனத்த அடித்தொனியை எழுப்பும் ஒலிபெருக்கி) வாங்குவது தப்பில்லை. அதை மூலையில், வெறும் தரையில் வைப்பதுதான் வம்பு. மூலைச் சுவர்கள் பேஸைக் கூட்டிவிடும், அதிர்வு தரை வழியாக இறங்கிக் கீழ்வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டு கிணுகிணுக்கும். கதவைச் சாத்திவிட்டோமே என்கிறார்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடித்தொனிக்குக் கதவாவது ஒன்றாவது! அடியில் கனமான ரப்பர் மெத்தை போட்டு (அது தரை அதிர்வைத்தான் குறைக்கும், காற்றில் போவதை அல்ல), நாம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் குறைந்த வால்யூமே போதும். அப்புறம், குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். வால்யூமைக் கீழ்வீட்டில் நின்று கேட்டு முடிவு செய்யுங்கள், சார்.

– ஒரு வாசகர், மதுரை