க்ராப்பி என்ன பாவம் செய்தது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

போன இதழில் டெக்சஸ் லேக் ஃபோர்க் ஏரியைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். நான்காவது பத்தியில்தான், பாஸ் என்ற பெரிய மீனைப் புகழ்ந்து, ஒரு வரி: 'பாஸ் தவிர மற்றதெல்லாம் குழந்தைகளின் பொழுதுபோக்கு, அக்டோபருக்குப் பிறகு போவது வீண்.' க்ராப்பி என்ற சின்ன மீனைப் பிடிக்க, டாலஸ் பக்கத்திலிருந்து பதினோரு வருடமாக அந்த வீண் வேலைக்குப் போய்வருகிறேன். வயது 52. குழந்தை என்றதற்கு நன்றி.

அந்த ஏரி பாஸுக்குப் பெயர்போனது என்று எனக்கும் தெரியும். 1992 ஜனவரியில் 18.18 பவுண்டில் மாநிலச் சாதனை பாஸ் அங்கேதான் மாட்டியது. அதைப் பிடித்த பேரி செயின்ட் கிளேர் அன்றைக்கு எதற்காகத் தூண்டில் போட்டார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. க்ராப்பிக்கு! உயிருள்ள சிறு மீனை இரையாகக் கோத்து, கட்டுரையாளர் சொல்லும் 'குழந்தை விளையாட்டு'க்குத்தான் போயிருந்தார்.

அக்டோபரில் தண்ணீர் குளிரத் தொடங்கியதும் ஷாட் என்ற பொடி மீன்கள் ஓடை முகங்களுக்குள் நுழையும். பின்னாலேயே க்ராப்பி வரும். 1980இல் ஏரியில் தண்ணீர் தேங்கியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் பட்டுப்போய் நிற்கின்றன. அந்த மரங்களின் ஓரமாகவும் பாலத் தூண்களை ஒட்டியும் க்ராப்பி கூட்டமாக நிற்கும். வாயோ காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும், கையில் வெறும் முள்தான் மிஞ்சும். தக்கை அமிழக்கூடச் செய்யாது, லேசாகச் சாயும். அதைப் பார்க்கத் தெரியவேண்டும்.

மூன்று வருடம் முன்பு ஒரு நவம்பரில் அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பா வந்திருந்தார். வெளிமாநிலத்தாருக்கான உரிமம் எடுத்துக்கொடுத்து, நண்பரின் சின்ன அலுமினியப் படகில் கூட்டிப்போனேன். தாமிரபரணியில் கெண்டை பிடித்த கை அது. ஒரு மணி நேரத்தில் என்னைவிட நான்கு மீன் கூடுதலாகப் பிடித்துவிட்டு, "இதுக்குப் போயி இவ்வளவு பெரிய படகா?" என்று பக்கத்தில் சீறிப்போன பாஸ் படகைப் பார்த்துக் கேட்டார். அது கிளப்பிய அலையில் எங்கள் இரை டப்பா கவிழ்ந்தது. மன்னிப்பு கேட்க யாரும் திரும்பவில்லை. அன்று ராத்திரி மிளகாய்த்தூள், பூண்டு, கறிவேப்பிலை போட்டு வறுத்தோம். சட்டியில் முழுசாக அடங்கும் மீனின் அருமை, ஒரு மீனைப் பிடித்துப் படமெடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுகிறவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

உங்கள் பத்திரிகைக்கு இந்தச் சின்ன மீன்களோடு பழைய பகை உண்டு என்றே நினைக்கிறேன். இரண்டு வருடம் முன்பு ப்ளூகில் என்ற சின்ன மீனின் படத்தைப் போட்டுக் கீழே 'ஜிலேபி' என்று வேறொரு மீனின் பெயரை அச்சிட்டீர்கள். நான் அனுப்பிய கடிதம் வரவில்லை. இடமில்லை போலும். அதே இதழில் அரைப் பக்கத்துக்குப் படகு விளம்பரம் இருந்தது. அப்புறம், சந்தா புதுப்பித்தும் இரண்டு இதழ் பழைய விலாசத்துக்கே போனது. அது வேறு கதை, விடுங்கள்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. 'சின்னதாக மாட்டினால் விட்டுவிடுங்கள்' என்று கட்டுரையில் அறிவுரை இருக்கிறது. மற்ற மாதங்களுக்குச் சரி. ஆனால் அந்த ஏரியில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய, க்ராப்பிக்கு அளவு பார்க்காமல், மாட்டிய முதல் 25ஐயும் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற விதி பல வருடமாகப் புழங்கிவந்தது. குளிரில் க்ராப்பி ஆழத்துக்குப் போய்விடும். அங்கிருந்து மேலே இழுத்தால் அதன் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை ஊதிவிடும், திருப்பி விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. உங்கள் அறிவுரையை நம்பிப் போகிறவர் அபராதம் கட்டினால் நீங்களா கட்டுவீர்கள்? இந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று டிசம்பருக்கு முன்னால் இரண்டு வரி போடுங்கள்.

அதற்கும் இடமில்லையென்றால், அட்டையில் இருக்கும் பாஸை ஓர் அங்குலம் சின்னதாக்கினால் போதும்.

இப்படிக்கு,
சட்டி மீன் பிடிக்கும் சந்தாதாரர்,
டெக்சஸ்