டி.என்.ஏ.வில் ஏன் யுராசில் இல்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த டி.என்.ஏ. கட்டுரையில், இழைகள் பிரிந்து நகலாகும் விதம் நன்றாக விளக்கப்பட்டிருந்தது. ஆனால் டி.என்.ஏ.வைக் கல்மேல் எழுத்து என்று சொன்னது எனக்கு உறுத்துகிறது. அது ஓயாமல் சிதைகிற எழுத்து. செல் ஓயாமல் திருத்துவதால்தான் நிலைக்கிறது.

நான் உயிரியல் ஆசிரியை. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆனது; அதன் இரு இழைகளில் அடினினோடு தைமினும், குவானினோடு சைட்டோசினும் எதிரெதிரே சேரும். அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வில் யுராசில், டி.என்.ஏ.வில் அதற்குப் பதில் தைமின் என்று ஆண்டுதோறும் மனப்பாடம் செய்யவைக்கிறோம். "இரண்டிலும் யுராசிலே இருந்தால் என்ன டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன். விடை, நாம் வகுப்பில் தொடாமலே விடும் பழுதுநீக்கத்தில் இருந்தது.

சைட்டோசின் தன் அமினோ தொகுதி என்ற சிறு அணுக்கூட்டத்தை இழந்தால் யுராசிலாகிவிடும். செல்லுக்குள் இருக்கும் வெறும் தண்ணீரே இதற்குப் போதும். ஒரு மனித செல்லில் நாளொன்றுக்கு 100 முறையாவது இது நடக்கிறது. குவானினோடு சேரவேண்டிய எழுத்து, அடுத்த நகலில் அடினினோடு சேர்ந்துவிடும். அந்தப் பிழை வழிவழியாகத் தொடரும். இதைத் தடுக்க ஒரு நொதி இழைநெடுகத் தேடுகிறது; யுராசிலைக் கண்டால் சுருளிலிருந்து வெளியே திருப்பி நறுக்கிவிடுகிறது. வேறு நொதிகள் எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை வைத்து இழையை ஒட்டுகின்றன. இந்த நொதியை 1974இல் கண்டறிந்த தாமஸ் லிண்டால், 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டி.என்.ஏ.வில் இயல்பாகவே யுராசில் இருந்திருந்தால் எது அசல், எது பழுது என்று அந்த நொதிக்கு எப்படித் தெரியும்? தைமின் என்பது மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் ஒட்டிய யுராசில்தான். அந்தச் சின்ன ஒட்டுதான் அடையாளம். இதைச் சொன்னதும் அந்த மாணவியின் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் மறக்கமாட்டேன்.

நகலெடுக்கும்போது நேரும் பிழைகளுக்கு வேறு ஏற்பாடு உண்டு. நகலை எழுதும் பாலிமரேஸ் நொதி தவறான எழுத்தைச் சேர்த்தால், தானே பின்வாங்கி அழித்துவிட்டு மறுபடி எழுதும். அதையும் தாண்டுபவற்றைப் பிடிக்கத் தனி நொதிகள் இருக்கின்றன. கடைசியில் 100 கோடி எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு பிழையே மிஞ்சுகிறது.

இந்தக் காவலிலும் ஓட்டை உண்டு. சைட்டோசினில் முன்பே மெத்தில் ஒட்டியிருந்தால், சிதையும்போது அது நேரே தைமினாகிவிடும். யுராசிலைத் தேடும் நொதிக்கு அது பிடிபடாது. புற்றுநோய்களில் காணப்படும் மரபுப் பிழைகளில் கணிசமானவை இத்தகைய இடங்களில் நேர்ந்தவை. அடுத்த கட்டுரையை இங்கிருந்து தொடங்குங்கள் என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்