ஜவ்வைக் கையால் உள்ளே தள்ள முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருகியும் வலிக்குச் செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், முதுகெலும்புகளுக்கு நடுவே இருந்து விலகிய ஜவ்வு (டிஸ்க்) ஒரே சிட்டிங்கில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும் என்று ஒரு வரி இருந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன் நான். இரண்டு வருஷம் முன்பு துணி பேல் ஒன்றைக் குனிந்து தூக்கியபோது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது, மறுநாள் அந்த வலி தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகக் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடியது. எல்4-எல்5 ஜவ்வு, அதாவது இடுப்பு முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருப்பது, பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று எம்ஆர்ஐயில் வந்தது.

வீடியோ பார்த்துவிட்டு ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்குக்குப் போனேன். ஸ்கேன் கவரைக்கூடப் பிரிக்கவில்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரே திருகு. இரண்டு நாள் சுகமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மூன்றாம் நாள் கால் மரத்துப்போனது. பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டியிருந்தேன், அது போனதுதான்.

ஜவ்வு என்பது வெளியே நார் வளையமும் உள்ளே கூழுமாக இருப்பது. வளையம் கிழிந்து பிதுங்கிய கூழை எந்தக் கையும் அழுத்தி உள்ளே அனுப்ப முடியாது. திருகும்போது வருகிற அந்த 'டக்' சத்தமும் எலும்பு சேருகிற சத்தம் இல்லை, விரலில் சொடக்கு எடுக்கும்போது வருகிற அதே வாயுக்குமிழிச் சத்தம்தான். முன்பெல்லாம் சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருகி நெட்டி முறித்து விடுவார்களே, அதற்கு இப்போது மைக் வைத்து வீடியோ எடுக்கிறார்கள். கழுத்தைத் திருகும்போது அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போவதுண்டு, அதை எந்த வீடியோவும் சொல்வதில்லை.

அதற்காக எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. அப்புறம் கோவையில் நான் போய்ப் பார்த்த இன்னொரு கைரோபிராக்டர் ஸ்கேனை முழுசாகப் பார்த்தார், கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார், திருகவே இல்லை. மெதுவாக இழுத்து நீட்டிவிட்டு வீட்டில் செய்யப் பயிற்சி கொடுத்தார். இரண்டு மாதத்தில் கடைக்குப் போய்விட்டேன். அவர் கைராசியா, தானாக ஆறியதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் ஜவ்வு வலி பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில் மட்டுப்படும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பு 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயலக்கூடியவற்றில் ஒத்தடம், மசாஜோடு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையையும் சேர்த்திருக்கிறது, ஆதாரம் வலுவானதில்லை என்ற குறிப்போடு.

1895ல் டேனியல் டேவிட் பால்மர் கைரோபிராக்டிக்கைத் தொடங்கியது அமெரிக்காவில், அங்கே லைசென்ஸ் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. பிரிட்டனில் 1994லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே தனி கவுன்சில் கிடையாது, எங்கே படித்தீர்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கட்டுரையில் நாலு வரி போட்டிருக்கலாம். என் மச்சான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். நேற்றிலிருந்து அவருக்கு வலது பாதம் தரையில் இழுக்கிறது. அவரை நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போக ஆட்டோ வந்துவிட்டது, இத்தோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு