சேமிக்கத் தெரியாதவள் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை உங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் படமும் பேச்சும் வந்திருந்தன. மலேசிய நாடாளுமன்ற வரவு செலவுத் திட்ட விவாதத்தில் தோட்டப்புற மக்களின் இன்னல்களை 'உருக்கமாக' எடுத்துரைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அதற்கு நாலு வரி தள்ளி, சேமிப்பு பற்றிய விழிப்புணர்வு இல்லாததால்தான் இவர்கள் வேலை ஓய்ந்தபின் வீடில்லாமல் நிற்கிறார்கள் என்றும் அவர் சொன்னதாகப் போட்டிருந்தீர்கள். எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். இரக்கப்பட்டதால் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

எந்த ஊர், எந்த உறுப்பினர் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாததா?

என் அம்மா அரிசிப் பானைக்குள் ஒரு மைலோ டின் வைத்திருந்தார். டின்னுக்குள் துணி முடிச்சு, முடிச்சுக்குள் சில்லறை. அப்பாவுக்கு அதுகூடத் தெரியாது. அப்பா சேர்த்தது வேறு வழியில். 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக நடந்து பங்கு சேர்த்த கதையை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் தோட்டத்தை விற்க, வாங்கியவன் அதைத் துண்டு போட்டு விற்க, சனங்கள் சட்டி பானையோடு சடக்கோரம் நின்ற காலம் அது. பத்துப் பத்து வெள்ளியாக (எங்கள் ஊர்ப் பணம்) கட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்படிச் சேர்ந்த காசில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். சேமிக்கத் தெரியாத சனம் ஒரு தோட்டத்தையே வாங்கியது எப்படி என்று மாண்புமிகுவிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

நான் 1973இல், 15 வயதில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போனேன். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்போம். தூறல் விழுந்தால் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வானத்தைப் பார்ப்பார், நாங்கள் மண்டோரைப் பார்ப்போம். பட்டை ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. வருடக் கடைசியில் மழை, அது ஓய்ந்தால் இலை உதிர்ந்து பால் குறையும் காலம். இந்த வருமானத்தில் எதைச் சேமிப்பது என்று அந்த விழிப்புணர்வுக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டட்டும். அப்படியும் சேமித்தோம். கூட்டு கட்டினோம், அதாவது மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் சீட்டு. (கூட்டு நடத்துவதற்கு 1971லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும். பேங்க் எங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால் கூட்டு எதற்கு?)

அந்தப் பேங்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1996. அப்போது மலிவு விலை வீடு 25,000 வெள்ளி. இரண்டு கூட்டு எடுத்து முன்பணம் தயாராக வைத்திருந்தோம். கடனுக்குப் போனபோது மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். மேசைமேல் வரிசையாக வைத்தேன். 410, 265, 338. அந்தப் பெண் பேனா முனையால் 265ஐத் தொட்டுக்கொண்டே, "இதில் எதை உங்கள் சம்பளம் என்று எழுதுவது?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். எனக்கும் என் கணவருக்கும் பதில் தெரியவில்லை. பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த முன்பணம் பெரியவன் படிப்புக்குப் போயிற்று. அதையும் சேமிப்பு இல்லை என்பீர்களா?

அப்புறம் ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள். நான் உதிரிப் பழம் பொறுக்கினேன். 2013 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது. அதை நான் கண்டது மூன்றே மாதம். மார்ச்சில் 55 வயது முடிந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதே வருடம் ஜூலை முதல் தேதி ஓய்வு வயது 60 ஆயிற்று. என் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லவில்லை. இதுவும் என் விழிப்புணர்வுக் குறைவால் நடந்ததா என்றுதான் கேட்கிறேன். கொஞ்சம் பார்த்துப் பிறந்திருக்கலாம்.

ஓய்வு கொடுத்த கையோடு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தொழிலாளிக்குத் தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று 1990இலேயே சட்டம் போட்டாயிற்று, 446ஆவது சட்டம். வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்த மறுநாள் எங்கே போவது என்பது அந்தச் சட்டத்தின் பிரச்சனை இல்லை. 40 வருடம் சாணி மெழுகிக் கோலம் போட்ட வாசல் அது. இப்போது மகன் வீட்டு முன்னறையில் படுக்கிறேன். மருமகள் நல்லவள், அது வேறு விஷயம்.

மாண்புமிகு பேசியதை என் பேத்தி கைப்பேசியில் முழுசாகக் காட்டினாள். எங்கள் பங்குக்கு ஒன்றரை நிமிடம் வந்தது. அதற்குள் நேரம் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். எத்தனை குடும்பம் வீடில்லாமல் இருக்கிறது என்ற எண்ணிக்கை பேச்சில் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் பெயர்ப் பட்டியலோடு அவருடைய சேவை மையத்தில் நாங்களே மனு கொடுத்தோம். வாங்கும்போது படம்கூட எடுத்தார்கள்.

படம் என்றதும் இதுவும் ஞாபகம் வருகிறது. போன தீபாவளிக்கு ஹேம்பர் வாங்கும் படத்தில் என் பெயரைத் தப்பாகப் போட்டு, பக்கத்தில் 'ஏழைத்தாய்' என்றும் சேர்த்திருந்தீர்கள். ஹேம்பருக்குள் இருந்தது ஒரு பிஸ்கட் டின், இரண்டு கிலோ மாவு, ஒரு பாட்டில் ஆரஞ்சு தண்ணீர். அதற்கு இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்தார்கள்.

சரி, நான் கேட்க வந்தது ஒன்றுதான். விவாதம் முடியும்போது அமைச்சர்கள் எழுந்து உறுப்பினர்களுக்குப் பதில் சொல்வார்கள் இல்லையா, அன்றைக்கு எங்கள் ஊர் வீட்டு விஷயத்துக்கு என்ன பதில் வந்தது என்பதையும் போடுங்கள். பதிலே வரவில்லையென்றால் வரவில்லை என்று போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை, பேத்தி வாசித்துச் சொல்வாள். படம் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிலாளி, வயது 67
தென் பேராக்
(இந்த முறையும் தப்பாகப் போட்டுவிடுவீர்கள் என்பதால் பெயர் எழுதவில்லை.)