முகாம் அழைப்பு வேறு, அணிக்கான அழைப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் வளரும் பேரனுக்கு “பேஸ்பால் விளையாடக் காலேஜிலிருந்து லெட்டர் வந்திருக்கு” என்று தாத்தா பாட்டிகள் பெருமையோடு சொல்வதுண்டு. பெருமையைக் கெடுக்க மனமில்லை. ஆனால் பையன் 9ஆம் வகுப்போ 10ஆம் வகுப்போ படிக்கிறான் என்றால், அது பெரும்பாலும் கல்லூரி நடத்தும் கோடை முகாமுக்கான விளம்பரமாகத்தான் இருக்கும். ஊகமாகச் சொல்லவில்லை, விதியே அப்படி. கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவான டிவிஷன் 1 கல்லூரிப் பயிற்சியாளர், மாணவன் 11ஆம் வகுப்பில் சேரும் ஆண்டின் ஆகஸ்ட் 1 வரை அவனை அணியில் சேர்ப்பது பற்றி அவனோடு பேசவோ எழுதவோ கூடாது. முகாம் விளம்பரம், விவரப் படிவம் போன்றவற்றை மட்டும் அனுப்பலாம். டிவிஷன் 2க்கு இந்தத் தேதி 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஜூன் 15. டிவிஷன் 3 பயிற்சியாளர் மின்னஞ்சலும் தொலைபேசியும் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

உண்மையான ஆர்வத்துக்கு அடையாளங்கள் உண்டு. ஆள்சேர்ப்பைக் கவனிக்கும் துணைப் பயிற்சியாளர் தன் கைபேசியிலிருந்தே அழைப்பார். பையன் ஆடும் மைதானத்துக்கு வருவார். மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்வார். எந்த இடத்தில், எந்த ஆண்டில் அவன் ஆடக்கூடும் என்று குறிப்பாகச் சொல்வார். கல்லூரியின் செலவில் வந்து பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. இவற்றில் ஒன்றுமில்லாமல் “உன் திறமை எங்களைக் கவர்ந்தது, முகாமுக்கு வா” என்று மட்டும் வந்தால், பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் அதே வரி போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமே வீண் என்பதல்ல. ஏற்கெனவே பேச்சு நடக்கும் கல்லூரியின் முகாமுக்குப் போவது பலன் தரும்.

பெற்றோர் அதிகம் பணம் விடுவது ஷோகேஸ் எனப்படும், கட்டணம் கட்டித் திறமையைக் காட்டும் நாள்களில்தான். பெர்ஃபெக்ட் கேம், பிரெப் பேஸ்பால் போன்ற நிறுவனங்கள் நடத்தும் இந்த நாள்களில் பையனின் அளவுகளை எடுத்து இணையத்தில் போடுவார்கள். 60 கஜ ஓட்டம், மட்டையிலிருந்து பந்து புறப்படும் வேகம், எறியும் வேகம், அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு ‘பாப் டைம்’ (பந்து அவர் கையுறையில் விழுந்த கணத்திலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவர் கையுறையில் சேரும் வரையான நேரம்) ஆகியவை அந்த அளவுகள். டிவிஷன் 1இல் வலக்கைப் பிட்சரிடம் (பந்து வீசுபவரிடம்) வழக்கமாக எதிர்பார்ப்பது மணிக்கு 88 மைல், அதாவது ஏறத்தாழ 142 கி.மீ., அல்லது அதற்கு மேல். கேட்சருக்கு 2 விநாடியை ஒட்டிய பாப் டைம். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் மைதானத்தின் பின்பகுதி நடுவில் நிற்கும் அவுட்ஃபீல்டருக்கும் 60 கஜம் 6.8 விநாடி அளவில். டிவிஷன் 3இல் 80 முதல் 85 மைல் வீசும் பிட்சருக்கும் இடம் கிடைக்கிறது. இடக்கைக்காரர் என்றால் எந்தப் பிரிவிலும் சில மைல்கள் சலுகை உண்டு. எல்லா அணிக்கும் அவர்கள் தேவை, கிடைப்பதோ குறைவு.

இங்கே நடக்கும் தவறு, தயாராகும் முன்பே போய் நிற்பது. 10ஆம் வகுப்பில் 7.6 விநாடி ஓடியதைப் பதிந்துவிட்டால், பயிற்சியாளர் பெயரைத் தேடும்போது அதுதான் முதலில் தென்படும். வீட்டருகே அளந்து பார்த்து, எண் தேறிய பிறகு கட்டணம் கட்டினால் போதும். 60 கஜம் என்பது சுமார் 55 மீட்டர். ஒரு டேப்பும் நிறுத்துகடிகாரமும் இருந்தால் பள்ளி மைதானமே போதும். கையால் அழுத்தி எடுக்கும் நேரம் உண்மையைவிடச் சற்றே குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காணொளிக்குத் தொழில்முறை ஆள் வேண்டாம். கைபேசியைக் குறுக்காகப் பிடித்து 2 அல்லது 3 நிமிடம் எடுங்கள். தொடக்கத்தில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், உயரம், எடை, எந்தக் கையால் வீசுகிறான், எந்தப் பக்கம் நின்று அடிக்கிறான், ஜிபிஏ (மதிப்பெண் சராசரி). பிட்சரைக் கேட்சருக்குப் பின்னாலிருந்து ஒரு கோணத்திலும் பக்கவாட்டில் ஒரு கோணத்திலும் எடுக்க வேண்டும், வேகமானி தெரிந்தால் மிக நல்லது. அடிப்பவருக்கு எட்டுப் பத்து மட்டை வீச்சுகள் போதும். பாட்டு வேண்டாம், மெதுவோட்ட ஜாலம் வேண்டாம். சிறந்ததை முதலில் வையுங்கள். முதல் 20 விநாடியில் பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுவார்கள்.

மின்னஞ்சலை மாணவனே எழுத வேண்டும். அப்பா எழுதியது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். தலைப்பிலேயே “2028, இடக்கைப் பிட்சர், 84 மைல், ஜிபிஏ 3.8” என்று சுருக்கமாக விவரம் வரட்டும். தலைமைப் பயிற்சியாளருக்கு அனுப்புவதைவிட ஆள்சேர்ப்பு பார்க்கும் துணைப் பயிற்சியாளருக்கு அனுப்புங்கள். அடுத்த போட்டியின் நாள், மைதான எண், சட்டை எண், வீசப்போகும் நேரம் எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் கல்லூரி நிராகரித்துவிட்டது என்று பொருளல்ல. 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் 1 பயிற்சியாளர்களால் பதில் எழுத முடியாது. எண் மாறினால் மட்டும் மறுபடி எழுதுங்கள். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு இதையே செய்து தரும் சேவைகள் உண்டு. அவை அனுப்பும் மொத்த மின்னஞ்சலைப் பயிற்சியாளர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான வேலை ஒன்று செலவில்லாமல் செய்யக்கூடியது. பலர் அதைத்தான் செய்வதில்லை. அது அணிப் பட்டியலை எண்ணுவது. ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் வீரர்கள் ஆடும் இடம், படிக்கும் ஆண்டு, முன்பு படித்த பள்ளி எல்லாம் இருக்கின்றன. உங்கள் பையன் ஷார்ட்ஸ்டாப் என்றால், முதலாமாண்டிலும் இரண்டாமாண்டிலும் எத்தனை ஷார்ட்ஸ்டாப் என்று பாருங்கள். மூன்று பேர் இருந்தால் வேறு கல்லூரி பாருங்கள். ‘முன்பு படித்த பள்ளி’ என்ற இடத்தில் எத்தனை பேருக்கு வேறொரு கல்லூரியின் பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். பாதிப்பேர் அப்படி வந்தவர்கள் என்றால், அந்தப் பயிற்சியாளர் பள்ளிப் பையனை வளர்த்தெடுக்கும் ஆளல்ல, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) வழியாக 21 வயதுக்காரரை வாங்கும் ஆள். சென்ற ஆண்டுப் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். அப்போது முதலாமாண்டில் இருந்த பத்துப் பேரில் இந்த ஆண்டு நாலு பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்றால், மற்ற ஆறு பேர் எங்கே என்று பயிற்சியாளரிடம் மரியாதையோடு கேட்கலாம்.

இந்தக் கணக்கு இப்போது முன்பைவிடக் கடுமையாகியிருக்கிறது. முன்பு ஒரு டிவிஷன் 1 பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைதான், அதை 27 பேருக்கு வரை பிரித்துக் கொடுத்தார்கள். 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற ‘ஹவுஸ்’ சமரசத்துக்கு (கல்லூரி வீரர்களுக்குரிய பணம் பற்றிய வழக்கின் சமரசம்) பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த 11.7 வரம்பு இல்லை. பதிலுக்கு அணியில் 34 பேர்தான் இருக்கலாம். 34 பேருக்கும் முழுத்தொகை கொடுக்க அனுமதி உண்டு என்பதால் எல்லாரும் கொடுக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். இலையுதிர்காலப் பயிற்சிக்கு அதிகம் பேரைச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலத்துக்குள் 34க்குக் குறைப்பதும் நடக்கிறது. ஆகஸ்டில் சேர்ந்த பிள்ளை டிசம்பரில் அணியில் இல்லாமல் போகலாம். ஆகவே “இலையுதிர்காலத்தில் எத்தனை பேரோடு தொடங்குவீர்கள்?” என்பது கேட்டே தீர வேண்டிய கேள்வி. பணமில்லாமல் ‘வாக்-ஆன்’ ஆகச் சேரச் சொன்னால் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள்.

வாய்மொழி ஒப்புதல் எந்தப் பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்ற பழைய ஒப்பந்தம் 2024 அக்டோபரில் ரத்தாகிவிட்டது. இப்போது எழுத்தில் இருப்பது கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தம் மட்டுமே. அதில் தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஆண்டுச் செலவு 60,000 டாலர் ஆகும் கல்லூரியில் கால் பங்கு உதவி கிடைத்தாலும் 45,000 கைவிட்டுப் போகும். விளையாட்டு உதவித்தொகையே இல்லாத டிவிஷன் 3 கல்லூரி, மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவி பல நேரங்களில் இதைவிட அதிகம். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் நிகரச் செலவைக் கணக்கிட்டுக் காட்டும் கருவி இருக்கும். டிவிஷன் 3 பயிற்சியாளர் “எர்லி டிசிஷனில் விண்ணப்பி” என்பார். அது இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய விண்ணப்பம். ஆகவே அந்தக் கருவியை முதலில் தட்டிப் பாருங்கள். அதற்கு முன் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி முன்கருத்து வாங்கித் தரும்படி பயிற்சியாளரிடம் கேட்கலாம். 11ஆம் வகுப்பு முடிந்த ஜூலையில் இது நடக்கும். சாதகமாக வந்தால் நல்ல குறி, உத்தரவாதம் அல்ல.

டிவிஷன் 1இல் ஆட, என்சிஏஏ ஏற்கும் 16 மையப் பாடங்களைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் 10ஐ 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில். மையப் பாட ஜிபிஏ குறைந்தது 2.3. நம் பிள்ளைகள் மதிப்பெண்ணில் தடுக்கி விழுவது அரிது. தடுக்குவது, பள்ளி கொடுத்த ஏதோ ஓர் இணையவழிப் பாடம் என்சிஏஏ ஏற்ற பட்டியலில் இல்லாதபோதுதான். 9ஆம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் பட்டியலைச் சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டாண்டு ஜூனியர் காலேஜைப் பல வீடுகளில் தோல்வியாகப் பார்க்கிறார்கள். பேஸ்பாலில் அது அப்படியல்ல. கட்டணம் குறைவு, முதலாண்டிலேயே ஆட வாய்ப்பு அதிகம், நான்காண்டுக் கல்லூரிகள் அங்கிருந்து ஆட்களை எடுக்கின்றன. ஆனால் கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை இல்லை. பாடங்கள் அடுத்த கல்லூரிக்கு மாறுமா என்பதை முன்பே எழுத்தில் கேளுங்கள்.

எச்-1பி குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கானது) உள்ள பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி நிதியுதவி கிடைக்காது. விளையாட்டு உதவித்தொகைக்கு அந்தத் தடை இல்லை. 21 வயதில், பெரும்பாலும் மூன்றாமாண்டு நடக்கும்போது, எச்-4 முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் வேலையை அதற்கு முன்பே தொடங்க வேண்டும். பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் கல்லூரியோ கடையோ பணம் தர முன்வந்தால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலரும் வாங்காதீர்கள்.

கடைசியாக, கை. தொழில்முறை லீக்கான எம்எல்பியும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து தந்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டியின்படி 15, 16 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துகள்தான், 17, 18 வயதில் 105. 15, 16 வயதில் 76 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டுக்கு நான்கு மாதம் போட்டியில் வீசக் கூடாது. அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக எந்த எறிதலும் கூடாது. டிசம்பர், ஜனவரி ஷோகேஸ்கள் சரியாக இந்த ஓய்வுக்குள்தான் வந்து நிற்கின்றன. வேகமானியைப் பார்த்ததும் பையன் முழு பலத்தோடு வீசுவான், கை அதற்குப் பழகியிருக்காது. முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை நடந்தால் மீண்டும் போட்டியில் வீச ஓராண்டுக்கு மேல் ஆகும். 11ஆம் வகுப்பில் அது நேர்ந்தால், பயிற்சியாளர்கள் பார்க்க வரும் கோடை முழுவதும் வீச முடியாமலே போய்விடும். குளிர்கால ஷோகேஸுக்குப் பணம் கட்டும் முன் பையன் கடைசியாக எப்போது வீசினான் என்று நாள்காட்டியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டெக்சாஸ்