நைட் ஷிஃப்ட் காசை எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள்?

பிரித்தானியாவில் கடனில் சிக்கிய நம்மவர்களுக்கு, அதைத் தவணையாக அடைக்கும் திட்டத்துக்கான படிவம் நிரப்ப உதவும் தமிழ் ஆலோசகர்களுக்கும் தொண்டர்களுக்கும்,

வணக்கம்.

கோயில் மண்டபத்திலும் சமூக நிலையத்திலும் மேசை போட்டு உட்கார்ந்து, திறக்காத வங்கிக் கடிதங்களைப் பையோடு கொண்டுவருகிறவர்களுக்கு நீங்கள் செய்கிற உதவி பெரியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'மாத வருமானம்' என்ற ஒரு கட்டத்தைப் பற்றி உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

உங்களிடம் வருகிறவர்களில் பலர் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் பெட்ரோல் நிலையத்திலும் ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு ஒரே அளவான மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையான என்எச்எஸ்-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பேண்ட் 2 என்ற கீழ்நிலைச் சம்பளப் படியில் இருக்கும் உதவியாளருக்கு வார நாளில் இரவு 8 மணிக்குப் பிறகு காலை 6 மணி வரையும், சனிக்கிழமை முழுவதும், அடிப்படை ஊதியத்தோடு 41 சதவீதம் கூடுதல். ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் 83 சதவீதம். அடுத்த ரோட்டாவில் (வேலை நேர அட்டவணையில்) பகல் வேலை போட்டுவிட்டால் இதெல்லாம் போய்விடும். தனியார் இல்லங்களில் இரவுக்குத் தனி விகிதம் இருக்கும் என்ற நிச்சயம்கூட இல்லை.

இப்படிப்பட்டவருக்கு நீங்கள் கடைசி 3 சம்பளச் சீட்டைக் கூட்டி மூன்றால் வகுத்து எழுதுகிறீர்கள். அவர் வந்தது பிப்ரவரி என்றால்? கிறிஸ்மஸ், பாக்சிங் டே வேலைக்கான மேலதிகக் காசு பெரும்பாலும் ஜனவரிச் சம்பளத்தில்தான் ஏறும். அந்தச் சராசரி 2,100 பவுண் என்றும், வீட்டுச் செலவு 1,650 என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 450 கட்டுகிறேன் என்று கடன் கொடுத்தவர்களுக்குக் கடிதம் போகும். மே மாதம் கைக்கு வருவது 1,780. மிச்சம் 130 பவுண். திட்டம் அங்கேயே படுத்துவிடும். அப்புறம் 'வாக்குத் தவறினார்' என்ற பெயர் அவருக்கு, கணக்குப் போட்டவருக்கு அல்ல.

இதற்கு நேர் எதிரான யோசனையும் நம்மிடையே ஓடுகிறது: "நைட் காசைச் சொல்லாதே, பேசிக் மட்டும் எழுது." மாதம் கட்டவேண்டிய தொகை குறையும் என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சம்பளச் சீட்டிலும், வருட முடிவில் வேலைத்தலம் தரும் சம்பள, வரிச் சான்றான பி60-இலும் வங்கிக் கணக்கிலும் அந்தக் காசு பளிச்சென்று தெரியும். கடன் கொடுத்தவர்களோடு பேசி மாதாமாதம் கட்டும் சாதாரண டிஎம்பி-யில் இதனால் நம்பிக்கை கெடும். டிஆர்ஓ என்ற கடன் நிவாரண உத்தரவில் நிலைமை மோசம். அது செலவு போக மாதம் 75 பவுணோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சுகிறவர்களுக்கான ஏற்பாடு. உத்தரவு நடக்கும் 12 மாதக் காலத்தில் வருமானம் கூடினால் அறிவிக்க வேண்டும். மறைத்தால் உத்தரவே ரத்தாகலாம். கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி செய்துகொள்ளும் ஒப்பந்தமான ஐவிஏ என்றால் கூடுதல் வருமானத்துக்கென்றே நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். வழமையான சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் வந்தால், அந்த மேல்மிச்சத்தில் பாதியைக் கட்டவேண்டும் என்பது பலருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை யாராவது தமிழில் வாசித்துச் சொல்கிறார்களா?

ஏன் மறைக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மேலதிக ஷிஃப்ட்டே பலருக்கு ஊருக்கு அனுப்பும் காசுக்காகத்தான். அம்மாவின் மருந்துச் செலவுக்கு என்று படிவத்தில் கட்டம் இல்லை என்று நினைத்து, செலவையும் சொல்வதில்லை, அதற்காக உழைத்த காசையும் சொல்வதில்லை. நீங்கள் கேட்டால் சொல்வார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் காட்டவேண்டும்; ஆனால் திட்டத்தை மெலிந்த மாதத்தின் மேல் கட்டவேண்டும். 12 மாதச் சீட்டுகளை விரித்து வைத்து, வழக்கமாகக் குறைவாக வருகிற மாதத்தின் தொகையை அடிப்படையாக எடுங்கள். விளக்கக் குறிப்புக்கான இடத்தில், 'சம்பளம் இத்தனையிலிருந்து இத்தனை வரை மாறுகிறது, ரோட்டாவை வேலைத்தலம்தான் முடிவு செய்கிறது' என்று எழுதிச் சீட்டுகளை இணையுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவதை எப்படிக் கட்டுவது என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். கடன் கொடுத்தவருக்கும் மூன்றாம் மாதம் நின்றுபோகும் 450-ஐவிடத் தவறாமல் வரும் 130 மேல்.

வாரச் சம்பளக்காரருக்கு நாலால் பெருக்குவதையும் தயவுசெய்து விடுங்கள். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்கவேண்டும். 4 வாரத்துக்கு ஒருமுறை வாங்குகிறவருக்கு வருடத்தில் 13 சம்பளம்.

யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித் தொகை வாங்குகிறவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சம்பளத்தில் இவ்வளவு வரை கணக்கில் எடுப்பதில்லை என்ற சலுகை வரம்பு இருந்தால் அதற்கு மேல், இல்லையென்றால் முதல் பவுணிலிருந்தே, கைக்கு வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் அந்த உதவியில் குறையும். நைட் அதிகம் செய்த மாதத்தின் சம்பளத்தையும், நைட் செய்யாத மாதத்தின் உதவித் தொகையையும் சேர்த்து எழுதினால், எந்த மாதத்திலும் இல்லாத ஒரு வருமானம் படிவத்தில் வந்து உட்கார்ந்துவிடும். செலவுப் பக்கமும் அப்படித்தான். இரவு வேலைக்குப் பஸ் இல்லாமல் டாக்சி, பிள்ளையைப் பார்க்க ஆள் என்று செலவு ஏறும். சம்பளத்தை எந்த மாதத்திலிருந்து எடுத்தீர்களோ, செலவையும் அந்த மாதத்திலிருந்தே எடுங்கள்.

சீட்டுகள் கையில் இல்லை, கடிதங்கள் நெருக்குகின்றன என்றால் அவசரமாக ஒரு தொகையை எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் 'ப்ரீதிங் ஸ்பேஸ்' என்ற அவகாசத் திட்டம் இருக்கிறது. 60 நாள்களுக்கு அதில் சேர்த்த கடன்களுக்கு வட்டியும் வசூல் நெருக்கடியும் நிற்கும். பொதுவாக அனுமதி பெற்ற கடன் ஆலோசகர் வழியாகத்தான் அதைத் தொடங்கமுடியும். கடன் ஆலோசனை, நிதிச் சேவைகளைக் கண்காணிக்கும் எஃப்சிஏ-யின் ஒழுங்குமுறைக்குள் வரும் வேலை என்பதால், அனுமதி இல்லாத தொண்டர்கள் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற ஆலோசனை அமைப்புகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுத்து, மொழிபெயர்க்கப் பக்கத்தில் இருந்தாலே போதும்.

உங்கள் மேசைக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் வாட்ஸ்அப் தகவலில் 'கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு' என்று இருக்கிறதல்லவா? அதை '12 மாதச் சீட்டு, பி60, இந்த மாத ரோட்டா' என்று மாற்றுங்கள். ரோட்டா மாறினால் வருடாந்த மீளாய்வு வரை காத்திருக்காமல் அந்த வாரமே சொல்லவேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஷிஃப்ட் சம்பளத்தில் வீடு நடத்தும் ஒருவர்